ஓடாத இடத்திலும் ‘ரன்’

கிளிநொச்சியில் “கார் ஓடுவீங்களோ?” என்று கேட்டால், காரைச் செலுத்தத் தெரியுமா என்று பொருள். சைக்கிளையும் ஓடுவோம், பஸ்ஸையும் ஓடுவோம். தமிழ்நாட்டார் ஓட்டுவதையெல்லாம் நாங்கள் ஓடுகிறோம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு சைக்கிளுக்கும் ‘ரன்’ என்று எழுதத்தான் கை போகும். ஆங்கிலத்திலோ சைக்கிளுக்கு ‘ரைட்’, காருக்கு ‘ட்ரைவ்’. ‘ஐ ரன் எ பஸ்’ என்று சாரதி சொன்னால், பஸ் வைத்துத் தொழில் நடத்துகிறார் என்றே கேட்பவர் நினைப்பார்.

அதற்காக ‘ரன்’ ஒடுங்கிய சொல்லல்ல. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட வினை ‘செட்’. பின்னர் திருத்தப் பதிப்புக்காக அந்த அகராதியின் தொகுப்பாசிரியர் பீற்றர் கிலிவர் ஒன்பது மாதம் உழைத்து ‘ரன்’னுக்கு 645 பொருள்களைப் பிரித்தார். காலால் ஓடுவதையும் நீர் ஓடுவதையும் குறித்த சொல்லை, இயந்திரங்கள் பெருகியபோது ரயிலும் எஞ்சினும் எடுத்துக்கொண்டன. இப்போது கணினியில் செயலியும் ‘ரன்’ ஆகிறது.

இத்தனையையும் மனப்பாடம் செய்யவே வேண்டாம். பின்னால் எது வருகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் பிடிபடும். ‘ரன் எ ஷொப்’ என்று பெயர்ச்சொல் நேரே வந்தால் நடத்துவது.

‘ஒன்’ வருவதற்கு எங்கள் வன்னியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் அரிதாகிப் போனது. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். அதுதான் ‘ரான் ஒன் கெரசின்’. எந்த எரிபொருளோ அதற்கு முன்னால் ‘ஒன்’. கையிருப்பு தீர்ந்தால் ‘வி ரான் அவுட் ஒவ் பெற்றோல்’. தமிழில் பெற்றோல்தான் முடியும், இங்கே எழுவாய் ‘நாங்கள்’. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இதில்தான். கிரிக்கெட்டின் ‘ரன் அவுட்’டோடும் இதைக் குழப்பக்கூடாது.

சில இடங்களில் இரு மொழியும் அப்படியே ஒத்துப்போகும். நாங்கள் “மூக்கால ஓடுது” என்பதை ஆங்கிலத்திலும் ‘ரன்’ என்றே சொல்வார்கள். கனகராயன் ஆறு இரணைமடுவுக்கு ஓடுவதும் ‘ரன்ஸ்’தான்.

ரயிலுக்கு ‘ரன்’ என்றால் வேகம் அல்ல, சேவை. 1990இல் நின்றுபோன வடக்கு ரயில் 2013 செப்டெம்பரில் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. நிலையத்தில் அசையாமல் நிற்கும் நேரத்திலும் அந்த ரயிலை ‘ரன்ஸ் டெய்லி’ என்று சொல்வது பிழையில்லாத ஆங்கிலம்.