கையும் அச்சும்

எங்கள் வீட்டில் கொலு பொம்மை செய்வது உங்களுக்குத் தெரியும். அதில் கலையும் வியாபாரமும் எப்படிச் சேர்ந்து போகும் என்று எழுதுகிறேன்.

முதலில் களிமண்ணில் கையால் ஒரு பொம்மை பிடிக்க வேண்டும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் மண்ணை அமுக்கினால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மண் இறுகியதும் பொம்மை கழன்று வரும். காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, வர்ணம் தீட்டுவோம்.

கையால் ஒன்று பிடிக்கத் தாத்தாவுக்கு 4 நாள் ஆகும். நாலைந்து அச்சு இருந்தால் ஒரே நாளில் 20 பொம்மை வரும். அதனால் போன வருஷம் அப்பா, "நவராத்திரி வரைக்கும் அச்சு வேலை மட்டும் போதும்ப்பா, கடன் கட்டணும்" என்றார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மண்ணையே தொடவில்லை.

ஆனால் அச்சு தேயும். பல தடவை எடுத்தால் மூக்கு, விரல் எல்லாம் மழுங்கிவிடும். வாங்கும் கடைக்காரர், "முகமே தெரியலையே, புதுசா ஒண்ணும் இல்லையா?" என்று எங்கள் தசாவதார செட்டைத் திருப்பிவிட்டார். அப்போதுதான் அப்பாவுக்குப் புரிந்தது. கைவேலை நின்றால் அச்சு வேலையும் நின்றுவிடும். அச்சு விற்காவிட்டால் கைவேலைக்கு மண் வாங்கக்கூட காசு இருக்காது.

இப்போது திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தாத்தா இஷ்டம்தான். மற்ற நாளெல்லாம் அச்சு வேலை. மண், விறகு, வர்ணம் கணக்கை நான் நோட்டில் எழுதுகிறேன்.

போன வாரம் தாத்தா ஆடு மேய்க்கும் பாட்டி பொம்மை பிடித்தார். இறந்துபோன எங்கள் பாட்டி மாதிரியே இருந்தது! "அச்சு எடுக்கலாமா தாத்தா?" என்று கேட்டேன்.

"இது வீட்டுக்கு. அடுத்ததுக்கு எடுப்போம்" என்றார்.

அப்பாவும் சரின்னுட்டார். நான் அதைக் கணக்கில் எழுதவில்லை.

– 9-ஆம் வகுப்பு மாணவி