மலையில் கம்ப்ரஸர் வாங்கப் போகிறீர்களா? ஹெச்.பி.யைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்!

மழைக்காலம் முடிந்ததும் கொடைக்கானல் மேல்மலையில் ஜீப், பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு வரும் தலைவலி, துரு. பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியின் அடித்தகடு மாதக்கணக்கில் ஈரத்திலேயே கிடக்கிறது. பட்டறையில் விட்டால் அறுவடை நேரத்தில் வண்டி இல்லாமல் போகும். வீட்டிலேயே துருவைத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடிக்க ஒரு கம்ப்ரஸர் வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால், சமவெளிக் கடையில் சொல்லும் கணக்கு மலையில் அப்படியே பலிக்காது.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கம்ப்ரஸர் உள்ளே இழுப்பதும் அந்த மெலிந்த காற்றைத்தான். எனவே, டேங்க் நிரம்ப அதிக நேரம் ஆகும். மோட்டார்களைப் பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் என்று கணக்கிட்டே செய்கிறார்கள். அதற்கு மேலே மெல்லிய காற்றில் மோட்டாரின் சூடு எளிதில் தணியாது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் உயரம் குறைவு என்பதால் இந்தச் சிக்கலும் குறைவு.

கடையில் முதலில் ஹெச்.பி.யும் டேங்க் லிட்டரும்தான் சொல்வார்கள். ஊற்று இல்லாத கிணற்றுக்குப் பெரிய தொட்டி கட்டி என்ன பயன்? டேங்க் காற்றைச் சேமிக்கும், உற்பத்தி செய்யாது. நீங்கள் கேட்க வேண்டியது 'எஃப்.ஏ.டி. எத்தனை சி.எஃப்.எம்.?' என்பதுதான். அதாவது, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று உண்மையில் வெளியே வருகிறது என்ற அளவு. 'டிஸ்பிளேஸ்மென்ட்' என்று எழுதியிருந்தால் அது பிஸ்டனின் அளவை வைத்துப் போட்ட கணக்கு. சிறிய மெஷின்களில் உண்மையான காற்று அதைவிட நன்றாகவே குறையும். எஃப்.ஏ.டி. அளவிலும் மலைக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு முடிவெடுங்கள்.

டயருக்குக் காற்றடிக்க, பவர் டில்லர் ஃபில்டரை ஊத 1 ஹெச்.பி. போதும். துரு எடுத்த இடத்தில் மட்டும் சிறிய கன்னால் பிரைமர் அடிக்க, கன்னுக்கு ஏற்ப 3 முதல் 5 சி.எஃப்.எம். தேவைப்படும். மலையில் இதற்கு 2 ஹெச்.பி., 50 லிட்டர் மெஷின் ஈடுகொடுக்கும். முழுக் கதவுக்கும் பெரிய கன் பிடிப்பதென்றால் 10 சி.எஃப்.எம். வரை கேட்கும், 3 ஹெச்.பி. பெல்ட் மெஷினுக்குப் போக வேண்டியிருக்கும். காற்றில் ஓடும் தேய்ப்பு மெஷினை நம்பிப் பெரிய கம்ப்ரஸர் வாங்க வேண்டாம். அது நிறுத்தாமல் காற்றைக் குடிக்கும். கரண்டில் ஓடும் சாண்டர் வாங்கினால் செலவு மிச்சம்.

என்னைக் கேட்டால், மலையில் காற்றுக் குறைவைவிடப் பெரிய எதிரி தண்ணீர். ஈரத்துணியைப் பிழிவதுபோல, அழுத்தும்போது காற்றிலுள்ள ஈரம் டேங்கில் தண்ணீராக இறங்கும். அது கன் வழியாக வந்தால் பிரைமர் கொப்புளம் விடும், அடியில் மறுபடியும் துரு பிடிக்கும். வாட்டர் செப்பரேட்டர் வாங்குங்கள். ஆனால், அதை டேங்க் வாயிலேயே மாட்டாதீர்கள். அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே தப்பிவிடும். ஏழெட்டு மீட்டர் ஹோஸ் ஓடிக் காற்று ஆறிய பிறகு, கன்னுக்கு அருகில் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் டேங்க் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். விட்டால் டேங்க் உள்ளேயே அரித்து, ஒருநாள் வெடிக்கவும் கூடும்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் பழக்கத்தை இங்கே கைவிடுங்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும். மூடுபனியில் அது காயவே காயாது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஊதி, உடனே பிரைமர் அடியுங்கள். பனி விலகி, தகடு வெயிலில் சூடேறிய முன்பகல்தான் ஏற்ற நேரம். தொட்டால் தகடு வியர்த்திருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. வோல்டேஜ் இறங்கியிருக்கும்போது சுவிட்ச் போட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நின்று, காயில் கருகிவிடும். குளிர்ந்த காலையில் ஆயிலும் கெட்டியாக இருக்கும். வடிகால் வால்வைத் திறந்துவைத்து ஓடவிட்டு, பிறகு மூடுங்கள். விவசாய இலவச இணைப்பில் மாட்டவே கூடாது. அனுமதித்த பயன்பாட்டைத் தவிர வேறு வேலைக்கு இழுத்தால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவில் அபராதக் கணக்குப் போடுவார்கள்.

ஹார்டனர் கலக்கும் இரண்டு டப்பா பெயின்ட்டை மட்டும் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். அதில் பெரும்பாலும் ஐசோசயனேட் இருக்கும். நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி மாஸ்க்கோ, மருந்தடிக்கும்போது கட்டும் துண்டோ அதைத் தடுக்காது.