கடைசிப் பந்து யார் கையில்?

நட்சத்திரமா, நேரத்துக்கு ஏற்றவரா? கூடைப்பந்துப் பயிற்சியாளர்களைத் தூங்கவிடாத கேள்வி இது. விடையைவிடச் சிக்கலானது, தேர்ந்தெடுக்கப்படாதவரின் மனம்.

கடிகாரத்தில் மீதம் 1.8 நொடி. ஸ்கோர் 102-102. சிகாகோ ஸ்டேடியத்தில் 1994 மே 13 அன்று, நியூயார்க் நிக்ஸ் அணியின் நெடிய மையவீரர் பேட்ரிக் யூயிங் ஆட்டத்தைச் சமன் செய்திருந்தார். ஏழு ஆட்டத் தொடரில் முதல் இரண்டையும் தோற்றிருந்தது சிகாகோ புல்ஸ். இதையும் விட்டால் மீள்வது கடினம். பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் டைம் அவுட் கேட்டார்.

அவர் போட்ட திட்டத்தில் சிக்கல் எதுவுமில்லை. ஸ்காட்டி பிப்பன் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய வேண்டும். டோனி குக்கோச் அதை வாங்கிக் கூடையில் போட வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த பிப்பன் பெஞ்சைவிட்டு எழவில்லை. ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சாதாரண ஆட்டக்காரர் செய்திருந்தால் அது வெறும் ஒழுங்கீனம். ஆனால் பிப்பன் அப்போது அணியின் தூண். மைக்கேல் ஜோர்டன் 1993 அக்டோபரில் திடீரென ஓய்வு பெற்றபின், புல்ஸ் கதை முடிந்தது என்று பலர் எழுதிவிட்டார்கள். பிப்பன் தலைமையில் அதே அணி 82 ஆட்டங்களில் 55-ஐ வென்றது. ஆட்டத்துக்குச் சராசரி 22 புள்ளி அவர் கணக்கு. அந்த ஆண்டின் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஜோர்டன் இருந்தவரை கடைசிப் பந்து ஜோர்டனுக்கு. அவர் போனபின் அது தனக்குத்தானே வரவேண்டும் என்று பிப்பன் நினைத்ததில் வியப்பில்லை.

குக்கோச்சோ அணிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத குரோஷியக்காரர். அவர்மேல் பழைய மனத்தாங்கலும் இருந்தது. அணியின் நிர்வாகி ஜெர்ரி க்ராஸ் 1990-லேயே குக்கோச்சைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஐரோப்பாவிலிருந்து அவரை இழுத்துவரத் துடித்தார். தங்களைவிட அந்த அயல்நாட்டு இளைஞன்மீது அவருக்கு அக்கறை அதிகம் என்ற கோபம் ஜோர்டனுக்கும் பிப்பனுக்கும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குரோஷியாவுக்கு எதிராக இறங்கியபோது இருவரும் குக்கோச்சை மூச்சுவிடவே விடவில்லை. அந்தக் குக்கோச்சுக்குத்தான் இப்போது பந்தை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

பிப்பன் உட்கார்ந்தே இருந்தார். அவருக்குப் பதிலாக பீட் மையர்ஸ் பந்தை எறிந்தார். குக்கோச் வாங்கினார், திரும்பினார், எதிராளியின் கைக்கு மேலாக வீசினார். பந்து கூடைக்குள் விழுந்தது. 104-102.

வெற்றி பெற்ற அணியின் உடைமாற்றும் அறையில் கொண்டாட்டம் இல்லை. மூத்த வீரர் பில் கார்ட்ரைட் கண்ணீரோடு பிப்பனிடம் தன் வேதனையைக் கொட்டினார். பிப்பன் மன்னிப்புக் கேட்டார். ஏழாவது ஆட்டம்வரை போராடித் தொடரை இழந்தது புல்ஸ்.

ஜாக்சன் கணக்கு

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஜாக்சனின் முடிவில் தர்க்கம் இருந்தது. பந்து களத்திலிருக்கும் ஒருவர் கையில் பட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். 1.8 நொடியில் பந்தைத் தட்டி எதிராளியை ஏமாற்றிப் புகுந்து செல்ல நேரமில்லை. வாங்க வேண்டும், வீச வேண்டும், அவ்வளவுதான். பிப்பனின் பலம் ஓட்டமும் ஊடுருவலும். குக்கோச் அவரைவிட உயரமானவர், தூரத்திலிருந்து குறி பார்ப்பதில் தேர்ந்தவர். அதே ஜனவரியில் இந்தியானா அணிக்கு எதிராகக் கடைசி நொடிக்குள் கூடை போட்டு ஜெயித்துக் கொடுத்தவர். நெரிசலில் பந்தைச் சரியான கைக்குச் சேர்ப்பதும் சின்ன வேலையல்ல. அதற்கு அணியில் பிப்பனைவிடச் சிறந்த ஆள் இல்லை.

எறிபவரின் முக்கியத்துவத்துக்கு ஒலிம்பிக் வரலாறே சாட்சி. 1972 மியூனிக் இறுதி ஆட்டம். அமெரிக்கா 50, சோவியத் யூனியன் 49. நடுவர் மேசைக் குழப்பத்தால் கடைசி மூன்று நொடிகள் மறுபடி மறுபடி ஆடப்பட்டன. பயிற்சியாளர் விளாதிமிர் கோந்திராஷின் களத்தில் இறக்கிய இவான் எதேஷ்கோவின் வேலை, கூடை போடுவதல்ல. மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பந்தை எறிவது. எறிந்தார். அலெக்சாந்தர் பெலோவ் துள்ளிப் பிடித்துக் கூடையில் போட்டார். 51-50. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். பெலோவின் பெயரோடு எதேஷ்கோவின் பெயரும் நிலைத்தது.

நேரம் மாறினால் விடையும் மாறும். பத்து நொடி இருந்தால் பந்தோடு புகுந்து செல்பவர் உதவுவார்; தடுக்கும்போது எதிரணி தவறு செய்தால் ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும். இரண்டு நொடி என்றால் நின்ற இடத்திலிருந்து வீசுபவர் வேண்டும். 0.3 நொடிக்கும் குறைவு என்றால் பந்தைப் பிடித்து வீச விதியே இடம் தராது, தட்டிவிட மட்டுமே முடியும். அப்போது தேவை உயரம்.

எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்

நட்சத்திரத்திடமே பந்தைக் கொடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அது எதிரணிக்கும் தெரியும். கோபி ப்ரையன்ட் விஷயத்தில் இது எண்ணாகவே வெளிவந்தது. ஆட்டம் சமனாக அல்லது அணி ஓரிரு புள்ளி பின்தங்கி இருக்கையில், கடைசி 24 நொடிகளில் அவர் 1996 முதல் வீசிய 115 பந்துகளில் 36 மட்டுமே கூடையில் விழுந்தன என்று 2011-ல் ஈ.எஸ்.பி.என். கணக்குப் போட்டுக் காட்டியது. கடைசி நொடியின் மன்னன் என்று பெயர் வாங்கியவரின் கணக்கு இது. அவருக்குத் திறமை இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. இருவர் மேலே விழுந்து மறிக்கும்போது யார் வீசினாலும் கடினம் என்றுதான் அர்த்தம். ஜெயித்த வீச்சு ரசிகரின் நினைவில் தங்குகிறது. தவறியவை மறந்துபோகின்றன.

இந்த உண்மையை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர் ஜோர்டனேதான். 1993 ஜூன் 20, ஃபீனிக்ஸ். இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் புல்ஸ் 96-98 என்று பின்தங்கியிருந்தது. கடைசிக் கால் பகுதியில் அதுவரை அணி எடுத்த புள்ளிகள் அனைத்தும் ஜோர்டன் போட்டவை. மறுபடியும் அவரேதான் என்று எல்லோரும் காத்திருக்க, பந்து ஜோர்டனிடமிருந்து பிப்பனுக்கும், அவரிடமிருந்து ஹோரஸ் கிரான்டுக்கும் போனது. கிரான்ட் அதை வெளியே ஆளில்லாமல் நின்ற ஜான் பாக்ஸனுக்குத் தள்ளினார். மூன்று புள்ளி. 99-98. கோப்பை சிகாகோவுக்கு.

1997 ஜூன் 13 அன்று யூட்டா ஜாஸ் அணியுடன் மீண்டும் ஓர் ஆறாவது ஆட்டம், ஸ்கோர் 86-86. டைம் அவுட்டில் ஜோர்டன் பக்கத்திலிருந்த ஸ்டீவ் கெர்ரிடம், தன்னை மறிக்க ஜான் ஸ்டாக்டன் ஓடிவருவார், தயாராக இரு என்று சொல்லிவைத்தார். சொன்னபடியே ஸ்டாக்டன் வந்தார், ஜோர்டன் பந்தைத் தள்ளினார், கெர் போட்டார். எதிரணி அவசரமாக எறிந்த பந்தை ஒருவர் தட்டிப் பறித்து, முன்னே ஓடிய தோழனிடம் தள்ள, அவர் கூடைக்குள் திணித்தார். 90-86. தட்டிப் பறித்தவர் பிப்பன். திணித்தவர் குக்கோச்.

எல்லாருக்கும் தெரிந்தும் தடுக்க முடியாத நாளும் உண்டு. அடுத்த ஆண்டு அதே யூட்டாவுக்கு எதிராக, ஜாக்சன் டைம் அவுட்கூடக் கேட்காமல் விட, ஜோர்டன் தானே பந்தைப் பறித்து வந்து, 5.2 நொடி மீதமிருக்கையில் வீசி 87-86 என்று முடித்தார். நட்சத்திரத்தை நம்புவது தவறல்ல. அவரை மட்டுமே நம்புவதுதான் தவறு.

கொழும்பில் ஒரு கோபம்

கூடைப்பந்து தெரியாத வீட்டிலும் இந்தக் கேள்வி தெரியும், கிரிக்கெட் வழியாக. 1993 நவம்பரில் ஈடன் கார்டனில் ஹீரோ கோப்பை அரையிறுதி. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்குத் தேவை ஆறு ரன். கபில்தேவ் அணியில் இருந்தும் அசாருதீன் பந்தைக் கொடுத்தது அதுவரை அன்று ஓர் ஓவர்கூட வீசாத சச்சின் டெண்டுல்கரிடம். இந்தியா இரண்டு ரன்னில் வென்றது.

பிப்பன் கதைக்கு இன்னும் நெருக்கமானது 2018 மார்ச் 18. கொழும்பில் நிதாஹஸ் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி வங்கதேசம். ஆறாவதாகத் தானே இறங்குவோம் என்று எதிர்பார்த்த தினேஷ் கார்த்திக்கை நிறுத்திவைத்து, விஜய் சங்கரை அனுப்பினார் கேப்டன் ரோகித் சர்மா. இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். கார்த்திக்குக்கு வருத்தம். கடைசியில் ஆட்டத்தை முடித்துக் கொடுக்க அவர் வேண்டும் என்பதால்தான் நிறுத்தினேன் என்று ரோகித் பின்னர் விளக்கினார். 12 பந்தில் 34 ரன் தேவை என்ற நிலையில் இறங்கிய கார்த்திக், எட்டுப் பந்தில் 29 எடுத்தார். கடைசிப் பந்துக்கு ஐந்து ரன் தேவைப்பட்டபோது சிக்சர் அடித்தார்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மனத்தாங்கல். ஒருவர் பெஞ்சிலேயே உட்கார்ந்தார், மற்றவர் அதைச் சுமந்துகொண்டே களம் இறங்கினார்.

மைதானத்துக்கு வந்தால்

இந்திய கூடைப்பந்திலும் ஒரு கூடை எல்லாவற்றையும் தீர்மானித்ததுண்டு. 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை வென்றது 75-73 என்ற கணக்கில்.

சித்தூர் மாவட்டத்தின் வெதுருகுப்பம் மாதிரி ஓர் ஊரில் பள்ளி அணியைப் பழக்கும் பி.இ.டி. மாஸ்டருக்கு ஈ.எஸ்.பி.என். கணக்கோ வீடியோவோ உதவிக்கு வராது. ஆனால் அவருக்கு ஒரு வசதி உண்டு. தினமும் மாலையில் பிள்ளைகளைப் பார்க்கிறார். களைத்த பிறகும் யார் கை நடுங்காமல் இருக்கிறது, ஃப்ரீ த்ரோவை யார் நிதானமாகப் போடுகிறான், தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனை யார் கவனிக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு நொடிக்கு ஒரு திட்டம், பத்து நொடிக்கு ஒரு திட்டம், முதல் ஆளை மறித்துவிட்டால் இரண்டாவது ஆள் யார் என்பதை அங்கேயே பழக்கிவிடலாம். டைம் அவுட்டில் முதன்முறையாகக் கேட்கும் பெயர்தான் மனதைக் குத்தும். பத்து நாள் பழகிய திட்டத்தில் யாருக்கும் அவமானம் இல்லை.

ஜாக்சன் தேர்ந்தெடுத்த ஆள் சரி, வீச்சும் சரி, வெற்றியும் கிடைத்தது. ஆனாலும் அந்த இரவு தோல்வியைப்போல நினைவில் நிற்கிறது. 2020-ல் வெளிவந்த ஆவணத் தொடரில் பேசிய பிப்பன், அப்படி நடந்திருக்க வேண்டாம் என்றார். மறுபடி வாய்ப்பு வந்தாலும் அநேகமாக அதையேதான் செய்வேன் என்றும் சொன்னார். 26 ஆண்டுகள் கழித்தும் ஆறாத புண்.

கடைசிப் பந்தை வீசுபவர் ஒருவர்தான். மற்ற நால்வருக்கும் அந்த நொடியில் வேலை இருக்கிறது என்று அவர்களை நம்பவைப்பதுதான் பயிற்சியாளரின் பாதி வேலை. அது டைம் அவுட்டில் முடிகிற வேலையல்ல.