அவதானமும் அறிவு மயக்கமும்

அவதானம் என்னும் சொல்லுக்குக் கவனம் என்பது பொருள். ஒரே அமர்வில் எட்டுச் செயல்களில் கருத்தூன்றுவோரை அட்டாவதானி என்றும், நூற்றில் ஊன்றுவோரைச் சதாவதானி என்றும் தமிழுலகம் போற்றியது. நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியில் தோன்றிய செய்குத் தம்பிப் பாவலர் (1874–1950), 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார்.

இதனால் மனித மனம் ஒரே நொடியில் நூறு பொருள்களைப் பற்றவல்லது என்று கருதலாமோ? ஆகாது. ஈற்றடி கொடுத்தவருக்கு வெண்பா, முதுகில் விழும் கல்லுக்கு எண்ணிக்கை, கணக்குக்கு விடை என்று அவதானி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறார்; விட்ட இடத்தை மறவாமல் மீள்கிறார். நெடும் பயிற்சியின் பயன் அது. பழகாத பொருள்களில் ஒரே வேளையில் மனத்தில் நிற்பவை மிகச் சிலவே. ஏறத்தாழ ஏழு என்றார் உளநூலறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956இல். நான்களவே என்றார் நெல்சன் கோவன் 2001இல்.

கவனம் இத்துணைச் சிறிதாகவே, நாளும் காண்பனவற்றுள் பெரும்பகுதியை நாம் ஆராய்வதில்லை. ஆயினும், பழகியதை அறிந்ததாகவே மனம் கொள்கிறது. ரோசன்பிளிட், கைல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டிற்று. பூட்டும் தையல் இயந்திரமும் இயங்கும் முறையை நன்கறிவோம் என்றவர்கள், விளக்கி எழுதச் சொன்னதும் தம் மதிப்பைத் தாமே குறைத்துக்கொண்டனர்.

மலாக்காவில் 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது முதல் பால்மரம் நமக்குப் பழகிய மரம். அதன் வெட்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிவதேன்? பட்டையிலுள்ள பாற்குழாய்கள் இடமிருந்து வலமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ச் சரிவில் வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். விடியுமுன் வெட்டுவதேன்? இரவில் இலைவழி நீர் மிகுதியாக வெளியேறாமையால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். மரத்தடியிலேயே வளர்ந்தோரிலும் இவ்விரண்டையும் காரணத்தோடு சொல்ல வல்லார் எத்தனை பேர்?

வகுப்பறையிலும் இதுவே நிலை. “விளங்கிற்றா?” என்றால், “விளங்கிற்று ஐயா” என்று வகுப்பே ஒருமிக்கக் கூறும். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. கேட்டுப் பழகியதை அறிந்ததாக நம்புகின்றனர். ஆசிரியரும் அதனை நம்பி மேலே சென்றால், விளங்காத பாடத்தின்மேல் அடுத்த பாடம் ஏறும். ஆதலின் அவ்வினாவை விடுத்து, “எவ்வாறு? நீயே சொல்” என்று கேட்டல் வேண்டும். ஒருநாட் பாடத்தில் புதுக்கருத்துகள் மூன்று நான்குக்கு மேற்படாமையும் நன்று. பாடம் நடத்துமுன் இதே வினாவை ஆசிரியர் தம்மிடமும் கேட்டுக்கொள்வாராக.