பேரிக்காயும் புலியும்

வாரப் பத்திரிகை வீட்டுக்குள் நுழைந்ததும் அதை முதலில் கைப்பற்றுகிறவர்கள் குழந்தைகள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிராயத்திலும் அவர்களுக்குச் சித்திரம் தெரியும். "யானை! கப்பல்!" என்று கூவிக் கொண்டே பக்கங்களைப் புரட்டுவார்கள். கேலிச் சித்திரம் வந்ததும் மட்டும் சற்றுத் திகைத்து நிற்பார்கள். "இந்தத் தாத்தா ஏன் படியில் இறங்குகிறார்?" என்று கேட்பார்கள். பெரியவர் ஒருவர் படத்தின் அடியிலுள்ள ஒற்றை வரியை வாசித்துவிட்டுப் புன்னகை செய்வார். குழந்தை கண்டது படத்தை மட்டுமே. பெரியவரோ படத்தையும் வரியையும் சேர்த்துக் கண்டார். அந்தச் சேர்க்கையில் அப்படி என்னதான் நிகழ்ந்துவிடுகிறது?

குழந்தை கேட்ட அந்தத் தாத்தா சாமானியர் அல்லர். ஜெர்மனி தேசத்தை ஒன்றாகக் கட்டிய பிஸ்மார்க்தான் அவர். 1890-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இளஞ் சக்கரவர்த்தியான இரண்டாம் வில்லியம் அவரைப் பதவியிலிருந்து விலகச் செய்தார். மார்ச்சு 29-ஆம் தேதி லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் ஜான் டென்னியல் எழுதிய சித்திரம் வெளியாயிற்று. ஆலிஸ் என்னும் சிறுமியின் அற்புத உலகக் கதைக்குப் படம் எழுதிப் பேர் பெற்ற அதே டென்னியல்தான். பெரிய கப்பல் ஒன்றின் பக்கவாட்டுப் படியில் மாலுமி உடை தரித்த கிழவர் இறங்குகிறார். மேல்தட்டில் கிரீடம் அணிந்த இளைஞர் சாய்ந்தபடி அதைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். கப்பலின் வழிகாட்டி இறக்கி விடப்படுகிறார் என்பது கீழே அச்சிட்ட தலைப்பு.

இப்போது ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். தலைப்பை விரலால் மறைத்து விடுங்கள். யாரோ ஒரு கிழவர் படி இறங்குகிறார், அவ்வளவுதான். படத்தை மறைத்துவிட்டுத் தலைப்பை மட்டும் படியுங்கள். அது துறைமுகச் செய்தி, வியாபாரிகளுக்குப் பயன்படலாம். இரண்டும் சேர்ந்த க்ஷணத்தில்தான் ராஜ்யம் கப்பலாகிறது; மந்திரி வழிகாட்டியாகிறார்; எதிர்காலம் கரை காணாத கடலாகிறது. இவற்றில் ஒன்றையேனும் பத்திரிகை வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னவர் வாசகர்தான்!

இன்னொரு நயமும் இதில் உண்டு. துறைமுகத்தின் மணல்திட்டுகளையும் பாறைகளையும் தாண்டும்வரை துணையிருந்து, கப்பல் ஆழ்கடலை அடைந்ததும் இறங்கிப் போவதே வழிகாட்டியின் தொழில். அப்படியானால் கிழவர் வேலை முடிந்து மரியாதையுடன் இறங்குகிறாரா? அல்லது ஆபத்தான வேளையில் வேண்டாமென்று அனுப்பப்படுகிறாரா? சித்திரம் பதில் கூறவில்லை. நல்ல உருவகம் இப்படித்தான் வாசகரைக் கொஞ்சம் யோசிக்கவும் வைக்கும்.

இந்த வித்தை மேல்நாட்டாருக்கே உரியது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. ஒன்றைச் சொல்லி அதன் மூலம் வேறொன்றை உணர்த்துவதைப் பிறிதுமொழிதல் என்று நம் அணி நூலார் வகுத்து வைத்திருக்கிறார்கள். மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைப் பற்றித் திருவள்ளுவர் கூறுவது வண்டிக்காரனுக்குச் செய்த உபதேசம் அன்று. படையெடுக்க நினைக்கும் அரசனுக்குச் சொன்னது. அது எப்படி நமக்குத் தெரிகிறது? குறளில் அரசனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதிகாரத்தின் மேலே 'வலியறிதல்' என்று தலைப்பு இருக்கிறது! வண்டி சித்திரம், அதிகாரத் தலைப்பு அதன் அடிக்குறிப்பு. கேலிச் சித்திரக்காரர் இந்தப் பழைய வழியைத் தினசரிச் செய்திக்குப் பிரயோகம் செய்கிறார், வித்தியாசம் அவ்வளவே.

ஆனால் தினசரிச் செய்தியில் கை வைத்தால் அரசாங்கத்துக்குக் கோபம் வரும். பிரான்சு தேசத்தில் நடந்த பேரிக்காய் வழக்கு இதற்கு நல்ல உதாரணம்.

அங்கே 1830-ஆம் வருஷப் புரட்சிக்குப் பின் லூயி பிலிப் அரசரானார். கன்னம் பருத்து, நெற்றி குறுகிய முகம் அவருக்கு. சார்ல்ஸ் பிலிப்போன் என்பவர் நடத்திய சித்திரப் பத்திரிகையின் மீது, ராஜாவை அவமதித்ததாக 1831-ல் வழக்கு வந்தது. நியாயாதிபதிகளுக்கு முன்னால் பிலிப்போன் நான்கு படங்கள் எழுதிக் காட்டினார். முதலாவது அரசருடைய முகம். இரண்டாவதில் அது சற்றே மாறியது. மூன்றாவதில் இன்னும் மாறியது. நான்காவது சுத்தமான பேரிக்காய்! "முதற் படம் குற்றமானால் அதைப் போலிருக்கும் இரண்டாவதும் குற்றம், இப்படியே போனால் பேரிக்காயையும் அல்லவா தண்டிக்க வேண்டும்?" என்பது அவருடைய வாதம். பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் பேரிக்காய் என்பதற்கு அசடு என்றும் ஒரு பொருள் உண்டு. ஆகவே கண் ஒரு பொருளைச் சொல்லிற்று. சொல் மற்றொன்றைச் சொல்லிற்று. நியாயஸ்தலம் சிரிக்கவில்லை, ஆறு மாதச் சிறைவாசமும் அபராதமும் விதித்தது. பாரிஸ் நகரச் சுவர்களிலோ பேரிக்காய்கள் காய்த்துத் தொங்கலாயின. 1834-ல் பிலிப்போனுடைய மற்றொரு பத்திரிகையான 'ஷரிவாரி', தனக்கு எதிரான தீர்ப்பை அச்சிட நேர்ந்தபோது அந்தத் தீர்ப்பின் எழுத்துக்களையே பேரிக்காய் வடிவமாகக் கோத்து வெளியிட்டது. படமும் எழுத்தும் இதைவிட நெருங்கிக் கலக்க இயலுமா?

1835-ஆம் வருஷம் செப்டம்பரில் புதுச் சட்டம் பிறந்தது. அதன்படி சித்திரங்களை வெளியிடுவதற்கு முன் அரசாங்கத்தின் அனுமதி பெற வேண்டும். எழுத்துக்கு அந்த முன்னனுமதி தேவையில்லை. எழுத்து அபிப்பிராயம், சித்திரமோ செயல் என்பது சர்க்கார் தரப்பு வாதம். படித்தவர்கள் மட்டுமே கட்டுரையைப் படிப்பார்கள். பேரிக்காயைப் படிக்காதவரும் அறிவர் என்ற அச்சமும் அதில் மறைந்திருந்தது.

இதுவரை பலமற்றவர்கள் பலவான்களைக் கேலி செய்த கதையைக் கண்டோம். உருவகம் எப்போதும் எளியவர் பக்கமே நிற்கும் என்று நம்பிவிடலாகாது. அதற்கு நம் நாட்டுப் புலியே சாட்சி.

மைசூர் திப்பு சுல்தான் புலியைத் தம் அரசின் சின்னமாகக் கொண்டிருந்தார். ஐரோப்பியன் ஒருவனைப் புலி வீழ்த்திக் கடிப்பது போன்ற மரத்தாலான இயந்திரப் பொம்மை ஒன்றும் அவரிடம் இருந்தது. 1799-ஆம் வருஷம் மே மாதம் 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அந்தப் பொம்மை லண்டனுக்குப் போயிற்று. இன்றும் அங்கே பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. வெற்றியின் ஞாபகார்த்தமாகக் கும்பினியார் வழங்கிய பதக்கத்தில் சிங்கம் புலியைக் கீழே தள்ளி மிதிக்கிறது. மேலே கடவுளின் சிங்கமே வெல்லும் என்று பொருள்படும் அரபு வாசகம் பொறித்திருக்கிறது. தோற்றவருடைய சின்னத்தையே எடுத்து, அதன்மேல் தங்கள் சிங்கத்தை ஏற்றி வைத்துவிட்டார்கள்!

ஐம்பத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு அந்தப் புலி மறுபடியும் தோன்றிற்று. 1857-ஆம் வருஷம் ஆகஸ்டு 22-ஆம் தேதி 'பஞ்ச்' பத்திரிகையில் டென்னியல் எழுதிய சித்திரத்தில், ஒரு பெண்ணையும் குழந்தையையும் வீழ்த்தி அவர்கள்மேல் நிற்கும் புலியின்மீது சிங்கம் பாய்கிறது. வங்கப் புலியின்மீது பிரிட்டிஷ் சிங்கம் பழி தீர்ப்பதாகக் கீழே தலைப்பு. கான்பூரில் அவ்வருஷம் ஜூலை மாதம் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை. அந்தக் கொடுமையை மறைத்துப் பேசுவது நமக்கு அழகன்று. ஆனால் சித்திரம் எவற்றை விட்டுவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1856-ல் அயோத்தி ராஜ்யம் பறிக்கப்பட்டது அதில் இல்லை. கொழுப்புத் தடவிய தோட்டாவைக் குறித்துச் சிப்பாய்கள் கூறிய முறையீடு இல்லை. 1857 ஜூன் மாதம் பெஷாவரில் 40 சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது இல்லை. அவை ஏன் இல்லை? புலிக்கு ராஜ்யம் ஏது? முறையீடு ஏது? மனிதனைப் புலியாக்கிய மாத்திரத்தில் அவனோடு பேச வேண்டிய அவசியம் ஒழிந்து போகிறது. பிறகு எஞ்சியிருப்பது வேட்டை ஒன்றே. லண்டனில் தேநீர் அருந்திக் கொண்டே அப்படத்தைப் பார்த்த நல்ல குடும்பங்கள், பழிவாங்குதலை நியாயமென்று ஏற்கும் மனநிலையை ஒரு வரி வாதமும் கேளாமலே அடைந்துவிட்டன.

இவ்வழியின் கடைசிப் படியை ஜெர்மனியில் காணலாம். ஜூலியஸ் ஸ்டிரைக்கர் என்பவர் 1923-ல் தொடங்கிய பத்திரிகை, யூதர்களைப் பாம்பாகவும் சிலந்தியாகவும் புழுப் பூச்சியாகவும் வாரந்தோறும் சித்திரித்தது. புழுவை நசுக்குவதற்கு யார் தயங்குவார்கள்? அவர் தம் கையால் கொலை செய்தார் என்பது வழக்கன்று. கொலைக்கு ஜனங்களைத் தூண்டினார் என்பதற்காகவே நூரம்பர்க் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது, 1946-ல் தூக்கிலிடப்பட்டார்.

நம் தேசத்தார் இந்த ஆயுதத்தைக் கையிலெடுத்த வரலாறு வேறு விதமானது. தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியற் கேலிச் சித்திரத்துக்கு வழி திறந்தது, 1906-ல் சென்னையில் தோன்றிப் பாரதியார் நடத்திய 'இந்தியா' வாரப் பத்திரிகை. 1908-ல் அடக்குமுறை வந்தது. அப்பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் ராஜத் துரோக வழக்கில் சிறை சென்றார். பத்திரிகை புதுச்சேரிக்குக் குடிபோய் 1910 வரை நடந்தது. நம்மைப் புலியாக எழுதிய பத்திரிகைகளை மட்டும் பார்த்துப் பழகிய நாட்டில், ஆளுவோரை நாம் எழுதிக் காட்ட முடியும் என்பதே அன்று பெரிய செய்தியாக இருந்தது.

ஆளுவோர் சுதேசிகளான பின்பும் அந்த வேலை முடிந்துவிடவில்லை. 1975-ஆம் வருஷம் ஜூன் மாதம் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டுப் பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அவ்வருஷம் டிசம்பரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் அபு ஆபிரகாம் ஒரு சித்திரம் வரைந்தார். ராஷ்டிரபதி குளியல் தொட்டியில் அமர்ந்தபடியே கையெழுத்திட்ட காகிதத்தைக் கதவுக்கு வெளியே நீட்டுகிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் சற்றுப் பொறுக்கச் சொல் என்கிறார். புலியும் இல்லை, பேரிக்காயும் இல்லை. மனிதர் மனிதராகவே இருக்கிறார். சட்டம் எவ்வளவு எளிதாகப் பிறந்தது என்பதைத் தொட்டித் தண்ணீரே சொல்லி விடுகிறது. ஒரு பக்கத் தலையங்கம் எழுதியிருந்தால் அது தணிக்கையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே.

இரு வகைச் சித்திரங்களுக்கும் வேற்றுமை இப்போது விளங்குகிறது. ஒன்று, மேலே இருப்பவரின் செய்கையைப் பிடித்துக் காட்டுகிறது, நாம் சிரிக்கிறோம், சிரித்தபின் கேள்வி பிறக்கிறது. மற்றொன்று, ஒரு கூட்டத்தாரின் முகத்தை அழித்து மிருகத்தின் முகத்தை வைக்கிறது, நாம் பயப்படுகிறோம், பயத்தில் கேள்வி அடங்கிவிடுகிறது.

ஆகையால் அடுத்த முறை பத்திரிகை வந்ததும், சித்திரத்தைக் கண்டு சிரிக்கும் முன்போ சினக்கும் முன்போ, அடியிலுள்ள வரியை விரலால் மறைத்துப் பாருங்கள். யாரை எதுவாக ஆக்கியிருக்கிறார்கள், எதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அருகில் குழந்தை இருந்தால் இன்னும் நல்லது. "இந்தப் புலி ஏன் கோபமாக இருக்கிறது?" என்று அது கேட்கும். பெரியவர்கள் பதில் சொல்லிப் பழக வேண்டிய கேள்வி அது.