மறைவாய்க் காக்க வேண்டிய கணக்கு



சில மாதங்களுக்கு முன் எங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு ஒரு தாயார் உள்ளங்காலில் புண்ணோடு வந்தார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு, பெயரில்லாமல் இதை எழுதுகிறோம். சபையின் சகோதரிகள் சிலர் கைப்பேசிச் செயலி ஒன்றில், தினமும் நடந்த அடிகளை ஒருவருக்கொருவர் காட்டி வந்தார்களாம். பட்டியலில் கடைசியாய் நிற்க வெட்கப்பட்டு, இவர்களும் 10,000 அடிகளை எட்ட முயன்றார்கள். நீண்டநாள் நோயினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தபடியால், செருப்பு கடித்தது தெரியவில்லை.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது? 1965ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு, "பத்தாயிரம் அடி அளவி" என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அந்த வியாபாரப் பெயரே நாளடைவில் பலருக்கு அளவுகோலாயிற்று. மருத்துவரோ அவரவர் வயதையும் பாதத்தையும் இருதயத்தையும் பார்த்தே அளவு சொல்லுகிறார். அடுத்தவருடைய எண் நமக்கு மருந்தாகாது.

இன்னொரு காரியமும் உண்டு. செயலியில் நாம் பதியும் எடை, சர்க்கரை அளவு, மாதவிலக்கு நாள் ஆகியவை பெரும்பாலும் நம் கைப்பேசியோடு நிற்பதில்லை. அதை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேருகின்றன. மாதவிலக்கைக் கணக்கிடும் ஃபுளோ என்னும் செயலி, இரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டு, பெண்களின் விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் முதலிய நிறுவனங்களுக்குக் கொடுத்ததென்று 2021இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது.

செயலியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சர்க்கரை அளவை ஒழுங்காய்க் குறித்து வருகிறவர்களுக்கு மருந்தின் அளவைத் தீர்மானிப்பது எங்களுக்கு எளிதாகிறது. ஆனால் மற்றவருக்குக் காட்டும் வசதியையும், இருப்பிடத்தை அறியும் அனுமதியையும் நிறுத்தி வையுங்கள். தேவையற்ற விவரங்களைப் பதியாதிருங்கள். கணக்கை மருத்துவரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். சபைக் குழுக்களில் ஒருவருடைய எண்ணைக் கேட்காதிருப்பதும் அன்பின் கிரியையே.

தொழுநோயாளியைச் சுகமாக்கிய நம் ஆண்டவர், அந்தச் செய்தியை ஒருவருக்கும் சொல்லாதபடி கட்டளையிட்டு, சோதித்தறிய வேண்டிய ஆசாரியனிடத்துக்கே அவனை அனுப்பினார். எங்கள் ஊழியத்துக்கும் அதுவே மாதிரி.

உங்கள் காணிக்கைகளினால் இப்பிரிவில் கதவுள்ள சிறிய ஆலோசனை அறை ஒன்று அமைந்திருக்கிறது. அந்தத் தாயார் இப்போது அங்கேதான் தங்கள் கணக்கைக் காட்டுகிறார்கள். புண் ஆறிவருகிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வெட்கத்தினால் இன்னும் வராதிருக்கிறவர்களுக்காக எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.