ராம் பொருந்துமா?

"நான்கு ஜி.பி. என்றால் எல்லாம் நான்கு ஜி.பி.தான் தம்பி" என்று கடைக்காரர் கூறுவதை நம்பி ராம் வாங்கிச் செல்வோர் பலர். கொள்ளளவு ஒன்றாக இருந்தும் ஒரு ராம் ஒரு கணிப்பொறியில் இயங்குகிறது. மற்றொன்றில் இயங்க மறுக்கிறது. காரணம் என்ன?

முதலில் தலைமுறை வேறுபாடு. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் முனைகள் 240தான். ஆயினும் முன்னது 1.8 வோல்ட்டிலும் பின்னது 1.5 வோல்ட்டிலும் இயங்குவன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகிவிடக் கூடாதென்றே அடிவிளிம்பிலுள்ள வெட்டை இடம் மாற்றி அமைத்துள்ளனர். டி.டி.ஆர்.4க்கோ முனைகள் 288. ஆகவே இதில் ஏமாறுவது அரிது, உள்ளேயே இறங்காது. (இறங்காததை அழுத்தி இறக்குவோரும் உண்டு. அவர்களுக்கு இக்கட்டுரை பயன்படாது.)

சரியாகப் பொருந்தி அமர்ந்த பின்னும் திரை இருண்டு கிடக்குமே, அதுதான் உண்மையான சிக்கல். எங்கள் வீட்டுக் கணிப்பொறியையே சான்றாகக் கூறுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்புக்கென்று தந்தையார் தறிக்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கித் தந்த பழைய கணிப்பொறி அது. அதன் தாய்ப்பலகையில் உள்ளது இன்டெல் ஜி41 சிப்செட். டி.டி.ஆர்.3 வகையில் மொத்தம் 8 ஜி.பி. வரை ஏற்கும். ஆனால் 2 ஜிகாபிட்டுக்கு மேற்பட்ட சில்லை அது அறியாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 4 ஜி.பி. என்பது 32 ஜிகாபிட். இதனை 2 ஜிகாபிட் சில்லுகள் பதினாறைக் கொண்டும் அமைக்கலாம். 4 ஜிகாபிட் சில்லுகள் எட்டைக் கொண்டும் அமைக்கலாம். முதல் வகைச் சில்லின் ஒவ்வொரு பிரிவிலும் 32,768 வரிசைகள். 2இன் 15ஆம் அடுக்கு அல்லவா? எனவே வரிசையைச் சுட்ட 15 முகவரிக் கம்பிகள் போதும். இரண்டாம் வகையில் வரிசைகள் 65,536. பதினாறாவது கம்பியும் வேண்டும். தெருவில் வீடுகள் இரட்டித்த பின்னும் தபால்காரர் கையில் பழைய பட்டியலே இருந்தால் கடிதம் எங்ஙனம் போய்ச் சேரும்?

ஆதலால் ஜி41 வைத்திருப்போர் இருபுறமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லுகள் உள்ளனவா என்று எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும். ஒட்டியுள்ள சீட்டில் '2ஆர்எக்ஸ்8' என்றிருக்கும். எட்டுச் சில்லு உள்ளதில் '1ஆர்எக்ஸ்8' என்றிருக்கும். பிற்காலத்தில் வந்தவை பெரும்பாலும் எட்டுச் சில்லு வகையே. நான் போன இரண்டு கடைகளில் அதைத்தான் எடுத்து நீட்டினார்கள். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற பலகையும் அங்கே தொங்கியது. விலையோ தந்தையாரின் இரண்டு நாள் கூலி! மூன்றாவது கடையில் பழைய சாமான் குவியலைக் கிளறியபோதுதான் பதினாறு சில்லு வகையில் இரண்டு அகப்பட்டன.

வேகத்தைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். வேகம் மிகுந்த ராமும் தாய்ப்பலகை அனுமதிக்கும் வேகத்துக்கு இறங்கி ஓடும். மலிவாகக் கிடைக்கிறதென்று சர்வர்களுக்குரிய 'ரெஜிஸ்டர்டு' வகையை வாங்கிவிடாதீர்கள். சாதாரண மேசைக் கணிப்பொறி அதை ஏற்காது.

இன்னும் ஒன்று. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் அது எண்ணக்கூடிய முகவரிகள் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4 ஜி.பி. அதிலும் ஒரு பகுதி மற்றச் சாதனங்களுக்குப் போய்விடும். எட்டு ஜி.பி. போட்டாலும் மூன்றுக்குச் சற்று மேல்தான் பயன்படும். எனவே செயலி 64 பிட்டுக்கு உரியதா என்று பார்த்து, விண்டோஸையும் 64 பிட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் கணிப்பொறியில் அதை நானே செய்தேன். ஒரு மாலைப்பொழுது பிடித்தது.